குட்டி மனிதர்களின் ஊரில் ஒரு தபால்காரன்

"ஸ்கூல் விட்டு வந்தா கம்ப்யூட்டர். சாப்பிட்டதும் மறுபடி கம்ப்யூட்டர். என்னதான் பண்றான்னு நீயே வந்து பாருடா. சரியில்லன்னா இன்டர்நெட் கனெக்ஷனையே எடுத்துடறேன்."

போனில் என் அக்கா இப்படிச் சொன்னபோது குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. அவள் குடும்பம் ஜூன் மாதம்தான் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்தது. பையன் பிளஸ் ஒன். புதிய பள்ளிக்கூடம், புதிய தெரு. பேசுவதற்கு ஆள் இல்லை. கம்ப்யூட்டர்தான் துணை.

சனிக்கிழமை போனேன். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்து அவன் அறைக்குள் நுழைந்தேன். மானிட்டரில் பச்சைப் பசேலென்று குன்றுகள். குன்றுகளின் வயிற்றில் வட்ட வட்டமாகக் கதவுகள். செருப்பில்லாத காலோடு ஒரு குட்டி மனிதன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"தபால் குடுக்கப் போறேன் மாமா. வழியில அடுத்தவங்க லெட்டரைப் பார்க்க ஆசைப்படற ஆளுங்க நிப்பாங்க. அவங்க கண்ணுல பட்டா வேலை கெட்டுச்சு. நேரத்துக்குள்ள போயும் சேரணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஊரையும் அந்த மக்களையும் பற்றிப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி எழலாம் அல்லவா?

யார் இந்த ஹாபிட்கள்?

அந்தக் குட்டி மனிதர்களுக்கு ஹாபிட்கள் என்று பெயர். இவர்களைப் படைத்தவர் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜே.ஆர்.ஆர். டோல்கின் (1892-1973). 1937-இல் வெளிவந்த 'தி ஹாபிட்', 1954-55-இல் மூன்று பாகங்களாக வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஆகிய நூல்களில் இவர்கள் வருகிறார்கள். இரண்டாவது நூலின் முன்னுரையில் இவர்களது பழக்கவழக்கங்களை ஒரு மானிடவியல் அறிக்கை போலவே டோல்கின் எழுதி வைத்திருக்கிறார்.

ஹாபிட்களின் உயரம் இரண்டு அடியிலிருந்து நான்கு அடி வரை. காலில் செருப்பு போடுவதில்லை. பாதத்தின் அடிப்பக்கம் தோல் போலத் தடிமன். மேற்பக்கம் சுருட்டை முடி. பச்சை, மஞ்சள் என்று பளிச்சென்ற நிறங்களில் உடுத்துவார்கள். நூறு வயது வரை வாழ்வது அவர்களிடம் சாதாரணம். 33 வயதில்தான் ஒருவர் பெரியவர் ஆனதாகக் கணக்கு. இருபதுகளில் இருப்பவரைப் பொறுப்பு வராத பருவத்தினர் என்றே நினைப்பார்கள்.

இவர்கள் வாழும் நாட்டுக்கு ஷயர் என்று பெயர். நான்கு பகுதிகளாகப் பிரிந்தது. கிழக்கு மேற்காக 120 மைல், வடக்கு தெற்காக 150 மைல். அந்த உலகத்தின் கணக்குப்படி மூன்றாம் யுகம் 1601-ஆம் ஆண்டு மார்ச்சோ, பிளாங்கோ என்ற இரண்டு சகோதரர்கள் அரசனிடம் அனுமதி வாங்கி, ஆற்றைக் கடந்து வந்து அங்கே குடியேறினார்கள். அந்த ஆண்டுதான் ஷயர் வருடம் 1. அரசன் கேட்டதும் அதிகமில்லை. பாலத்தையும் சாலையையும் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும், அரசனின் தூதர்களுக்கு உதவ வேண்டும், அவன் தலைமையை ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

டோல்கின் இந்த ஊரைச் சும்மா கற்பனை செய்துவிடவில்லை. அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவில். சிறுவனாக இங்கிலாந்து வந்து, தந்தையை இழந்த பிறகு 1896 முதல் 1900 வரை பர்மிங்ஹாம் அருகே சேர்ஹோல் என்ற கிராமத்தில் தாயோடும் தம்பியோடும் வாழ்ந்தார். தண்ணீரில் ஓடும் மாவு மில், வயல், மரங்கள். பிறகு நகரத்துக்குப் போக வேண்டி வந்தது. அந்த நான்கு வருடக் கிராமம்தான் பின்னாளில் ஷயர் ஆனது. இதைப் படித்தபோது என் அக்கா மகன் ஏன் அந்தப் பச்சைக் குன்றுகளிலேயே சுற்றுகிறான் என்பது எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

சாப்பாடும் கடிதமும்

ஹாபிட்களுக்குச் சாப்பாடு முக்கியம். கிடைத்தால் ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுவார்கள். வீட்டில் சமையலறையைவிடச் சாமான் வைக்கும் அறைகள் அதிகம். விருந்தாளி வந்தால் சந்தோஷப்படுவார்கள். நீளவாட்டில் மண்ணைக் குடைந்து கட்டும் வீட்டுக்கு ஸ்மியல் என்று பெயர். வட்டக் கதவும் வட்ட ஜன்னலும் அதன் அடையாளம். ஆனால் எல்லா ஹாபிட்டும் வளையில் வாழ்வதில்லை. பெரிய பணக்காரர்களும் பரம ஏழைகளும்தான் வளையில் இருப்பார்கள். மற்றவர்கள் தரைக்கு மேல் வீடு கட்டிக்கொண்டார்கள்.

குழாயில் இலையை வைத்துப் புகைப்பது இவர்களது கண்டுபிடிப்பு. லாங்பாட்டம் ஊரின் டோபோல்ட் ஹார்ன்புளோவர் என்பவர்தான் முதலில் அந்தச் செடியைத் தோட்டத்தில் வளர்த்தார் என்று ஷயரின் வரலாறு சொல்கிறது.

உறவுமுறை பேசுவதில் இவர்கள் நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. யாருக்கு யார் என்ன முறை, யார் தாத்தா யார் பாட்டியின் ஒன்றுவிட்ட தம்பி என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். வம்சாவளிப் படம் வரைந்து வைப்பார்கள். உயில் எழுதினால் ஏழு சாட்சிகள் சிவப்பு மையில் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு பழக்கம் கடிதம். எழுதத் தெரிந்தவர்கள், ஒரு பிற்பகல் நடையில் போய்ச் சேர முடியாத தூரத்தில் இருக்கும் நண்பர்களுக்கெல்லாம் கடிதம் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அரசாங்கம் எங்கே?

ஷயரில் அரசாங்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். தேர்தலில் நிற்கும் ஒரே அதிகாரி மிச்சேல் டெல்விங் ஊரின் மேயர். ஏழு வருடத்துக்கு ஒருமுறை, நடுக்கோடையில் நடக்கும் சந்தையில் அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். விருந்துகளுக்குத் தலைமை தாங்குவதுதான் அவருடைய பெரிய வேலை. அதோடு தபால் துறைக்கும் காவல் துறைக்கும் அவரே தலைவர். இந்த இரண்டைத் தவிர ஷயரில் வேறு துறையே கிடையாது. இதில் தபால் துறைக்குத்தான் வேலையும் ஆட்களும் அதிகம். உள்ளூர்க் காவலர்கள் மொத்தம் 12 பேர். சீருடை கிடையாது, தொப்பியில் ஒரு இறகு மட்டும். திருடனைப் பிடிப்பதைவிட வழி தவறிய ஆடுமாடுகளைப் பிடிப்பதே அவர்களது முக்கியப் பணி. எல்லையைச் சுற்றி வரத் தனி ஆட்கள் உண்டு.

சண்டை பிடிக்காத இந்த மக்களை எப்படிக் கம்ப்யூட்டர் கேமில் சேர்த்தார்கள்?

கம்ப்யூட்டருக்குள் வந்த வழி

1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல், பகடையும் பேப்பரும் வைத்து நண்பர்கள் கூடி ஆடுவது. அதில் ஹாபிட்களும் இருந்தார்கள். உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபம் தெரிவிக்க, பெயரை 'ஹாஃப்லிங்' என்று மாற்றினார்கள். அரை ஆள் என்று பொருள். அந்த விதிகளை வைத்து எழுதப்பட்ட கம்ப்யூட்டர் கேம்களில் இன்றும் இந்தப் பெயர்தான்.

1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' கேமில் ஹாஃப்லிங்கைத் தேர்ந்தெடுத்தால் கைத்திறனுக்கு ஒரு மதிப்பெண் கூடும், உடல் வலிமைக்கு ஒன்று குறையும். எனவே பலரும் ஹாஃப்லிங்கைத் திருடனாகவே வைத்து ஆடுவார்கள். ஆறு வேளைச் சாப்பாடு, வம்சாவளி, தபால் எல்லாம் போய்விட்டது. ஒரு மக்களின் வாழ்க்கையில் கம்ப்யூட்டருக்கு எளிதாகப் புரிவது எண்கள் மட்டும்தான். உயரம், வேகம், வலிமை எண்ணாக மாறும். மற்றவை வெளியே நின்றுவிடும்.

இதற்கும் முன்பு 1982-இல் ஒரு வித்தியாசமான முயற்சி நடந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பீம் சாப்ட்வேர் என்ற நிறுவனம் 'தி ஹாபிட்' என்ற கேமை உருவாக்கியது. பிலிப் மிட்செல், வெரோனிகா மெக்லர் ஆகியோர் அதை எழுதினார்கள். நாம் ஆங்கிலத்தில் வாக்கியம் டைப் செய்தால் கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொண்டு பதில் தரும். 48 கிலோபைட் மெமரி கொண்ட ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் அது ஓடியது. இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே இதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்! அந்த கேமில் மற்ற பாத்திரங்கள் நாம் சொல்வதற்காகக் காத்திருப்பதில்லை. தங்கள் இஷ்டத்துக்கு வருவார்கள், போவார்கள், உட்கார்ந்து பாடுவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் கதை வேறு மாதிரி போகும்.

2007 ஏப்ரல் 24 அன்று டர்பைன் நிறுவனம் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்' கேமைத் தொடங்கியது. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் இன்டர்நெட் வழியே ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் நடமாடலாம். 2010-இல் இலவசமாக ஆடும் வசதி வந்தது. 2016 இறுதியில் ஸ்டாண்டிங் ஸ்டோன் கேம்ஸ் என்ற நிறுவனம் பொறுப்பேற்றது. என் அக்கா மகன் ஆடுவது இந்த கேம்தான்.

இதில் அரக்கர்களோடு சண்டை நிறையவே உண்டு. ஆனால் ஷயர் பகுதியில் வாளை உறையிலேயே வைத்துக்கொண்டு செய்யும் வேலைகளும் ஏராளம். தபால் கொடுக்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய பையை (இது கையில் மாட்டும் பை அல்ல, உள்ளே பழமோ இறைச்சியோ வைத்துச் சுடும் பலகாரம்) ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வழியில் பசியோடு நிற்கும் ஹாபிட்களின் மூக்குக்குத் தப்ப வேண்டும்! வயலில் விதை போட்டு அறுவடை செய்யலாம். விளைந்ததைச் சமைக்கலாம். சாப்பிட்டால் இழந்த தெம்பு வேகமாகத் திரும்பும். 2007 இறுதியில் சொந்த வீடு வாங்கும் வசதியும் வந்தது. ஹாபிட் வளை வாங்கி உள்ளே நாற்காலி, அலமாரி வைக்கலாம்.

பாட்டுக் கச்சேரியும் உண்டு. லூட், புல்லாங்குழல், யாழ், முரசு என்று பல கருவிகளை வாசிக்கலாம். ஏபிசி நொட்டேஷன் என்ற முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளையே ஸ்வரங்களாக வைத்து, நோட்பேடில் ஒரு டெக்ஸ்ட் பைலை எழுதி, டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் இந்த கேமின் பெயரில் இருக்கும் போல்டரில் மியூசிக் என்ற பகுதியில் போட வேண்டும். பிறகு கேமுக்குள் ஒரு கட்டளை கொடுத்தால் நம் ஹாபிட் அதை வாசிப்பான். நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாகமாக ஒன்றாகவும் வாசிக்கலாம். என் மருமகன் சேர்ந்திருந்தது இப்படி ஒரு குழுவில்தான். ஒரு நாள் வரவில்லை என்றால் மறுநாள் "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறார்களாம். "ஸ்கூல்ல யாரும் கேக்கறதில்ல மாமா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எக்ஸெல்லில் ஷயர் காலண்டர்

ஹாபிட்களின் பழக்கங்களில் கம்ப்யூட்டருக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய காலண்டராகத்தான் இருக்கும். டோல்கின் தன் நூலின் பின்னிணைப்பில் இதை விளக்கியிருக்கிறார்.

ஒரு வருடத்தில் 12 மாதம். எல்லா மாதத்துக்கும் 30 நாள்தான். ஆக 360. மீதி 5 நாட்கள் எந்த மாதத்திலும் சேராது. வருடத்தின் முதல் நாளும் கடைசி நாளும் யூல் என்ற பண்டிகை நாட்கள். ஆறாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் நடுவில் மூன்று நாட்கள்: முதல் லித், வருட நடுநாள், இரண்டாம் லித். லீப் வருடத்தில் நடுநாளுக்குப் பிறகு இன்னொரு நாள் கூடும்.

இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. வருட நடுநாளுக்கும் லீப் நாளுக்கும் கிழமை கிடையாது! அவற்றை விட்டுவிட்டால் மிச்சம் 364 நாட்கள். ஏழால் வகுத்தால் சரியாக 52 வாரம். அதனால் ஒரு தேதிக்கு எந்த வருடமும் ஒரே கிழமைதான். ஒருமுறை காலண்டர் வாங்கினால் ஆயுளுக்கும் போதும். 29 நாள் முதல் 32 நாள் வரை மாறும் நம் தமிழ் மாதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இதை நீங்களே எக்ஸெல்லில் செய்து பார்க்கலாம்.

1. ஏ1 செல்லில் மாதத்தின் எண்ணையும், பி1 செல்லில் தேதியையும் டைப் செய்யுங்கள்.

2. மாத எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, வருவதை 30-ஆல் பெருக்குங்கள். அதோடு தேதியைக் கூட்டுங்கள்.

3. மாதம் 1 முதல் 6-க்குள் இருந்தால் மேலும் 1 கூட்டுங்கள் (வருடத்தின் முதல் யூல் நாளுக்காக). 7 முதல் 12-க்குள் இருந்தால் 1-க்குப் பதிலாக 3 கூட்டுங்கள் (இரண்டு லித் நாட்களும் சேர்ந்துவிடும்). இதற்கு இஃப் ஃபங்ஷன் உதவும்.

4. வரும் விடையை 7-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். இதற்கு மாட் ஃபங்ஷன் இருக்கிறது.

5. மீதி 1 என்றால் சனி, 2 ஞாயிறு, 3 திங்கள், 4 செவ்வாய், 5 புதன், 6 வியாழன், 0 வெள்ளி. ஹாபிட்களின் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும்.

சரிபார்ப்போமா? கதையின் தொடக்கத்தில் பில்போ பேக்கின்ஸ் என்ற ஹாபிட்டின் பிறந்தநாள் விருந்து வருகிறது. ஒன்பதாம் மாதம் 22-ஆம் தேதி. 8-ஐ 30-ஆல் பெருக்கினால் 240. அதோடு 22-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 265. ஏழால் வகுத்தால் மீதி 6. அதாவது வியாழக்கிழமை. புத்தகத்திலும் வியாழக்கிழமை என்றே இருக்கிறது!

நம் உலகிலும் இப்படிக் கணக்குக்கு வசதியான காலண்டர் பயன்பட்டது. கோடக் நிறுவனம் 1928 முதல் 1989 வரை, மாதத்துக்கு 28 நாள் வீதம் 13 மாதம் கொண்ட ஒரு காலண்டரைத் தன் அலுவலக வேலைக்குப் பயன்படுத்தியது. அதிலும் மீதி ஒரு நாளுக்குக் கிழமை கிடையாது.

மருமகனை உட்கார வைத்து இந்த பார்முலாவை எழுதச் சொன்னேன். அரை மணி நேரத்தில் போட்டுவிட்டான். அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரணில் கிடக்கும் மேத்தம்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பழக்கத்துக்கு வருகிறேன். பிறந்தநாள் வந்தால் நாம் பரிசு வாங்குவோம். ஹாபிட்கள் பரிசு கொடுப்பார்கள். பிறந்தநாள்காரர்தான் விருந்துக்கு வந்த எல்லோருக்கும் ஏதாவது தர வேண்டும். விலை அதிகம் இருக்காது. ஆனால் ஊரில் தினமும் யாருக்காவது பிறந்தநாள் வருமே! அதனால் எல்லோருக்கும் அடிக்கடி ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இத்தனை பரிசுக்கு எங்கே போவது? அதற்குத்தான் மேத்தம். இப்போதைக்குப் பயன் இல்லை, ஆனால் தூக்கிப்போடவும் மனசு வரவில்லை என்ற பொருளுக்கு ஹாபிட்கள் வைத்த பெயர் அது. மேத்தம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பரிசாகப் போகும். சில பொருட்கள் ஊரைச் சுற்றிவிட்டு முதல் வீட்டுக்கே திரும்பியும் வரும். மிச்சேல் டெல்விங் ஊரில் இவற்றுக்காக ஒரு மியூசியமே இருக்கிறது. கேமிலும் அதைப் பார்க்கலாம்.

நம் வீடுகளில் மேத்தம் இல்லையா? என் பரணில் இரண்டு சிஆர்டி மானிட்டர், ஒரு பெட்டி நிறைய பிளாப்பி டிஸ்க், பட்டை கேபிள்கள், 56கே மோடம் இருக்கின்றன. அக்கா வீட்டில் திருநெல்வேலியிலிருந்து கட்டி வந்து இன்னும் பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே பழைய டேப் ரிக்கார்டரும் கேசட்டுகளும். "தூக்கிப் போடலாம்னு பார்க்கறேன், மனசு வரல" என்று அக்கா சொன்னதும் மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

இயந்திரம் பிடிக்காதவர்களா?

ஹாபிட்கள் கருவிகளைக் கையாளுவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் கொல்லன் துருத்தி, தண்ணீரில் ஓடும் மில், கைத்தறி, இவற்றைவிடச் சிக்கலான எந்த இயந்திரமும் அவர்களுக்குப் பிடிக்காது. கதையின் முடிவில் நான்கு ஹாபிட்கள் நெடும்பயணம் முடிந்து ஊர் திரும்பும்போது ஷயரே மாறியிருக்கும். மரங்கள் வெட்டப்பட்டிருக்கும். பழைய மில்லை இடித்துவிட்டு, புகை கக்கும் புதிய மில்லைக் கட்டியிருப்பார்கள். ஊர்க்காரர்களைத் திரட்டி அவர்கள் அதைச் சரிசெய்வதுதான் கடைசிப் போராட்டம். 2003-இல் வந்த மூன்றாவது சினிமாவில் இந்தப் பகுதி இல்லை.

இதைப் படித்தால் கம்ப்யூட்டர் பத்திரிகை வாசகர்களாகிய நமக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பழைய மில்லும் ஓர் இயந்திரம்தான். அது ஊருக்கு மாவு அரைத்தது. புதிய மில் வந்த பிறகு ஊர்தான் மில்லுக்காக உழைக்க வேண்டியிருந்தது. நம் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் இந்த இரண்டில் எந்த வகை என்பது அந்தப் பெட்டியைப் பொறுத்தது அல்ல. நாம் அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

என்ன முடிவு செய்தோம்?

இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். ஆனால் தினமும் நான்கு மணி நேரம் என்பதும் சரியில்லை என்று மருமகனிடம் சொன்னேன். ஹாபிட்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, சாயங்காலம் விருந்து. அதையே விதியாக வைத்துக்கொண்டோம். வெள்ளி மாலை மூன்று மணி நேரம் கேம். அவன் கச்சேரிக் குழுவும் அந்த நேரத்துக்கு ஒப்புக்கொண்டது. மற்ற நாட்களில் இல்லை. முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தான். பிறகு பழகிவிட்டது.

ஆன்லைன் கேம் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மூன்று குறிப்புகள். ஒன்று, உண்மையான பெயர், முகவரி, பள்ளி, போன் நம்பர் ஆகியவற்றை எந்தச் சாட்டிலும் தரக்கூடாது. இரண்டு, இலவச கேம் என்றாலும் உள்ளே ஒரு கடை இருக்கும். அதில் உங்கள் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள். மூன்று, மாதம் ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெளியிலிருந்து திட்டுவதைவிட அது அதிகம் பலன் தரும்.

நவம்பரில் அவன் பிறந்தநாள் வந்தது. புது ஹெட்போன் கேட்பான் என்று நினைத்தோம். கேட்கவில்லை. வகுப்பில் பக்கத்துப் பெஞ்ச் பையன்கள் இரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். சென்னை வந்த பிறகு அந்த வீட்டுக்கு வந்த முதல் நண்பர்கள் அவர்கள்தான். ஆளுக்கொரு பழைய காமிக்ஸ் புத்தகம் கொடுத்தான். என் மோடத்தைத் துடைத்து, ரிப்பன் கட்டி எனக்கே திருப்பிக் கொடுத்தான். மேத்தமாம்!

அம்மாவுக்கு ஒரு பென் டிரைவ். இரண்டு வாரமாக அந்த டேப் ரிக்கார்டரைச் சரிசெய்து, அதன் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒரு கேபிள் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் கேசட்டுகளைப் பதிவு செய்திருக்கிறான். அதில் ஒரு கேசட்டில் எங்கள் அம்மாவின் குரல் இருந்தது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது திருநெல்வேலி வீட்டில் அவனுக்குத் தாலாட்டுப் பாடியதை மாப்பிள்ளை ரிக்கார்ட் செய்திருக்கிறார். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அக்கா ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு முறை கேட்டாள். அப்புறம் எழுந்து, வந்த பையன்களுக்குத் தோசை வார்க்கப் போனாள். ஹாபிட்களின் காலண்டரை எக்ஸெல்லில் போடலாம், தபாலை கேமாக எழுதலாம், சாப்பாட்டைக்கூட எண்ணாக மாற்றலாம். பிறந்தநாளில் கொடுக்கும் பழக்கத்துக்கு மட்டும் பார்முலா இல்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

உங்கள் பரணிலும் ஒரு கேசட் பெட்டி இருக்கும். காந்த நாடா காலப்போக்கில் கெட்டுவிடும். இந்த வாரமே இறக்கிப் பாருங்கள்.